ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கவுண்டர்

ஷஹீராவுக்குக் கார் லைசென்ஸ் கிடைக்கக் கூடாது.

யோங் பெங்கில் தே தாரிக் இழுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பிக்கொண்டிருந்த தேநீர்க் கடைக்காரர் ஜெய்னுலாபுதீன், ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு முழத் தேநீர் அந்தரத்தில் இருக்கும்போதே இந்த முடிவுக்கு வந்தார். உறுதியான முடிவு. தேநீரில் பாதி குவளைக்குள் விழாமல் வாடிக்கையாளரின் சட்டையில் விழுந்தும் மாறாத முடிவு.

மனைவி கார் ஓட்டினால் குடும்பம் கெட்டுவிடும் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர். ஹரி ராயா பெருநாள் அன்று, மூவாரிலிருந்து வந்திருந்த மாமியார் மீரா பீவிக்கு முன்னால், இரண்டாவது தட்டு பிரியாணி கொடுத்த தெம்பில், "இந்தக் காலத்துல பொம்பளைங்க கார் ஓட்டணும் மாமி! ஷஹீரா நாளைக்கே சேரட்டும். நான் தடுப்பேனா?" என்று முழங்கியவரே அவர்தான். பிரியாணி அன்றைக்கே செரித்துவிட்டது. பேச்சுதான் செரிக்கவில்லை. ஷஹீரா மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்தால் என்ன, பாதியில் விட்டுவிடுவாள் என்று அவர் நினைத்தார். நேற்று அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "மச்சான், சட்டப் பரீட்சையில அம்பதுக்கு நாப்பத்தெட்டு. ரோட்டுல ஓட்டிக் காட்டுற டெஸ்ட்டு மட்டும்தான் பாக்கி. வர்ற வியாழனுக்கு அடுத்த வியாழன்" என்றாள். ஜெய்னுலாபுதீனுக்கு மீன் முள் தொண்டையில் நின்றது. அன்றைக்குக் கோழிக் குழம்பு.

விஷயம் இதுதான். அவர்கள் மகள் நிலோபருக்கு வயது எட்டு. தினமும் மாலை ஐந்து மணிக்குக் குர்ஆன் ஓதப் போவாள். ஏழு மணிக்கு வகுப்பு முடியும். காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது ஜெய்னுலாபுதீனின் பொறுப்பு. நடுவில் உள்ள இரண்டு மணி நேரமும் அவர் வகுப்பு வாசலில், காருக்குள், கொசுக்கடியில், பிள்ளைக்காகக் காத்திருக்கிறார். இது வீட்டுக்குத் தெரிந்த செய்தி. உண்மையில் அவர் நாலு கிலோமீட்டர் தள்ளி, கனகராஜின் டயர் கடைக்குப் பின்னால் கேரம் ஆடிக்கொண்டிருப்பார். இரண்டு வருடமாக ஆடுகிறார். கொசுக்கடித் தியாகத்துக்காக ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வரும்.

ஷஹீராவுக்கு லைசென்ஸ் வந்தால் சாவி அவள் கைக்குப் போகும். சாவி போனால் நிலோபரை அவளே கூட்டிப் போவாள். கேரம் போகும். முட்டையும் போகும்.

இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே ஜெய்னுலாபுதீன் தமக்குக் கைவந்த ஆயுதத்தை எடுத்தார். அதாவது போன்.

வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புவதில் ஜொகூர் மாநிலத்திலேயே அவர் ஒரு புள்ளி. வெந்தயத் தண்ணீர் குடித்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பார். வாழைப்பழத்தோடு முட்டை தின்றவர் சுருண்டு விழுந்தார் என்பார், முட்டையைத் தின்றுகொண்டே. உலகம் அழியப்போகிறது என்று நான்கு முறை முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். நான்கு முறையும் உலகம்தான் அவரை ஏமாற்றிவிட்டது.

அன்று பதினொரு மணிக்குக் குடும்பக் குழுவில் செய்தி விழுந்தது.

"ஜெர்மனி டாக்டர்கள் எச்சரிக்கை!!! முப்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகும் பெண்களின் முதுகுத்தண்டு ஒரு அங்குலம் சுருங்குகிறது!!! உங்கள் வீட்டுப் பெண்களைக் காப்பாற்றுங்கள்!!!"

நாலே நிமிடம். ஷஹீராவின் பதில் வந்தது. அவள் சொந்தமாக ஒரு எழுத்தும் எழுதவில்லை. எங்கிருந்தோ வந்ததை அப்படியே ஒட்டியிருந்தாள்.

"வணக்கம். தாங்கள் அனுப்பிய தகவல் பொய்யானது. இது ஆறு ஆண்டுகளாகப் பல நாடுகளில் சுற்றி வருகிறது. தயவுசெய்து பகிர வேண்டாம். அன்புடன், சிக் செமாக்."

ஜெய்னுலாபுதீன் இடுப்பில் கட்டியிருந்த கடைத் துணியைக் கூட அவிழ்க்காமல் வீட்டுக்கு ஓடினார்.

"யாரு புள்ள இந்த சிக் செமாக்? நம்ம குடும்ப விஷயத்துல மூக்க நுழைக்கிறது?"

"அரசாங்கம் விட்டிருக்கிற நம்பர் மச்சான்." ஷஹீரா கறிபாப் பலகாரத்துக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாட்ஸ்அப்ல வர்ற சேதிய அதுக்கு அனுப்பிச்சா, உண்மையா பொய்யான்னு தேடிப் பார்த்துச் சொல்லும். நிலோபர் ஸ்கூல் மீட்டிங்ல சொல்லிக் கொடுத்தாங்க."

"பொம்பளையா?"

"ஏஐ மச்சான். மெஷின்."

"செமாக்குன்னா சரிபார்க்கிறது, சரி. மெஷினுக்கு எதுக்கு 'சிக்'? கல்யாணமாகாத பொண்ணுக்குல்ல சிக்குன்னு போடுவாங்க?"

"கல்யாணம் ஆயிருந்தா அடுத்தவங்க பொய்யப் பார்க்க நேரம் இருக்குமா? வீட்டுல உள்ளதுக்கே சரியாப் போயிடும்."

ஜெய்னுலாபுதீன் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தார். "நான் அனுப்புறதையெல்லாமா அதுக்கிட்ட காட்டுற?"

"ரெண்டு மாசமா. மொத்தம் நூத்துப் பதினாறு. அதுல உண்மை ரெண்டு."

"ரெண்டு உண்மை இருக்கா!" அவர் முகம் மலர்ந்தது. "எது எது?"

"ஒன்னு, 'நாளைக்கு நம்ம டாமான்ல தண்ணி வராது.' இன்னொன்னு, 'இனிய செவ்வாய்க்கிழமை காலை வணக்கம்.' அன்னைக்கு செவ்வாய்க்கிழமைதான்."

அன்று மாலை டயர் கடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் நடந்தது. கனகராஜ், ஜெய்னுலாபுதீனுக்கு அடுத்த வீட்டுக்காரர். டயர் மாற்றும் கையால் அவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் குழிக்குள் போகாது. பக்கத்துக் கடைக்குப் போகும். அவர் மனைவி பிரேமலாதான் டாமான் என்கிற அவர்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர்.

"பழைய பொய்ய அனுப்பிச்சிருக்கீங்க பாய். அதான் மாட்டிக்கிச்சு" என்றார் கனகராஜ். "ஜெர்மனி டாக்டரையெல்லாம் அந்த மெஷின் எத்தனை தடவை பார்த்திருக்கும்! உங்களுக்கு வேணுங்கிறது புதுப் பொய்லா. அது பிறந்ததுலேர்ந்து பார்த்திருக்கக் கூடாது."

"சுடச் சுட. அப்பப் போட்ட ரொட்டி சானாய் மாதிரி."

"அதேதான். சின்னதா இருக்கணும். நம்ம ஊரு விஷயமா இருக்கணும். முக்கியமா ஆச்சரியக்குறி போடாதீங்க. மூணு ஆச்சரியக்குறி போட்டாலே பொய்னு பிரேமலா சொல்றா."

"கனகு, நம்ம கேரம் விஷயம் பிரேமலாவுக்கு…?"

"மூச்! ஸ்டாக் கணக்குப் பார்க்குறேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க கவலைப்படாம எழுதுங்க."

ஜெய்னுலாபுதீன் எழுதினார். மூன்று மாலை எழுதினார். கடையில் ஆர்டர் எழுதும் சின்னத் தாளில், காதில் செருகியிருந்த பேனாவால், அடித்து அடித்து எழுதினார். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு பாடுபட்டிருந்தால் இந்நேரம் அவரே சாலைப் போக்குவரத்து இலாகாவில் அதிகாரியாக உட்கார்ந்து உண்மையான அறிவிப்பே எழுதியிருக்கலாம். வியாழக்கிழமை மாலை அது தயாரானது.

"அறிவிப்பு. யோங் பெங் வட்டாரத்தில் இம்மாதம் நடைபெறவிருந்த கார் ஓட்டுநர் சாலைத் தேர்வுகள் அனைத்தும், கணினி மேம்பாட்டுப் பணி காரணமாக, அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

கனகராஜ் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வரி போதும் பாய். மன்னிப்பு கேக்குறவன் பொய் சொல்ல மாட்டான்."

"இரு. எதிரிக்கிட்டயே காட்டிப் பார்த்துடுவோம்."

ஜெய்னுலாபுதீன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அதை சிக் செமாக்குக்கு அனுப்பினார். இருவரும் போனைப் பார்த்தபடி குனிந்திருந்தார்கள். மூன்று புள்ளிகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. பிறகு வந்தது:

"வணக்கம். இத்தகவலை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. பகிரும் முன் சம்பந்தப்பட்ட அலுவலகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்புடன், சிக் செமாக்."

"பொய்னு சொல்லல!" கனகராஜ் துள்ளினார். கேரம் காய்களும் துள்ளின.

"அரசாங்கத்தையே திணறடிச்சிட்டேன் கனகு!"

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் கூடுதலாக ஒரு வரி சேர்த்தார். அலுவலக நேரம் போடாத அரசாங்க அறிவிப்பு உப்பில்லாத குழம்பு மாதிரி அல்லவா? யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது. "கவுண்டர் நேரம்: ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளி, சனி விடுமுறை." இதை அவர் சிக் செமாக்கிடம் காட்டவில்லை. பாஸான பரீட்சையை யாராவது மறுபடி எழுதுவார்களா?

கனகராஜிடம் இரண்டு போன் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து இதற்கும் அனுப்பி, செய்தியின் நெற்றியில் 'ஃபார்வர்டட்' என்ற முத்திரை விழுந்ததும் டாமான் குழுவில் தள்ளிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெய்னுலாபுதீனின் கடைக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"மச்சான், சேதி தெரியுமா? டெஸ்ட்ட அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டாங்களாம்."

"அலமாக்!" ஜெய்னுலாபுதீன் தட்டிலிருந்து கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். குழம்பு மூக்கின் மேல் வழிந்தது. "என்ன புள்ள சொல்ற! எவ்வளவு ஆசையா இருந்த! உன் சிக் செமாக் என்ன சொல்லுது?"

"கேட்டேன். பொய்னு சொல்லல."

"அப்ப உண்மைதான். அது சொல்லாட்டி உண்மைதான் புள்ள. அரசாங்க மெஷின்லா! சும்மாவா!"

"சரி, போகட்டும்." ஷஹீரா தண்ணீரை ஊற்றினாள். "அல்லாஹ் நாடுனா அடுத்த வருஷம். அதுவரைக்கும் நீங்க இருக்கீங்களே."

"நான் இருக்கேன்."

"லைசென்ஸ் வந்ததும் நானே போயிக்கலாம்னு எல்லா வேலையையும் சேத்து வச்சிருந்தேன் மச்சான். இனிமே நீங்கதான் ஓட்டணும். திங்கக்கிழமை மூவார், அம்மாவ டாக்டர்கிட்ட காட்டணும். செவ்வாய் பாசார் மாலாம், காய்கறி வாங்க. புதன் மறுபடி மூவார், மருந்து வாங்க. வியாழன் ஸ்கூடாய், எங்க சின்னம்மா வீடு."

"கடை…?"

"கடை நேரத்துல கூப்பிடுவேனா? அஞ்சு மணிக்கு. நிலோபர விட்டுட்டு சும்மா காருக்குள்ளதானே உக்காந்திருக்கீங்க, கொசுக்கடியில? பாவம், எத்தனை நாளைக்குத்தான் கடி வாங்குவீங்க? நாம வர லேட்டானா பிரேமலாக்கா பிள்ளையக் கூட்டிட்டு வந்துடறேன்னாங்க."

ஜெய்னுலாபுதீன் வாயைத் திறந்தார். ஒரு கவளம் சோற்றை வைத்து மூடிக்கொண்டார்.

அடுத்த வாரத்தைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதே மனிதாபிமானம். முன்சீட்டில் மாமியார். லாரி அரை மைலுக்கு அப்பால் வரும்போதே "பிரேக்! பிரேக்!" என்பார். லாரி போன பிறகு, "பார்த்தியா, நான் சொல்லாட்டி என்னாயிருக்கும்?" என்பார். மூவாரில் மரச் சாமான் மலிவு என்று ஒரு அலமாரி வாங்கினார். அது யோங் பெங்கில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். காரின் தலைமேல் அலமாரியைக் கட்டிக்கொண்டு, அதன் ஒரு கதவு திறந்து திறந்து மூட, ஜெய்னுலாபுதீன் ஒரு கையை வெளியே நீட்டிக் கதவைப் பிடித்தபடியே ஊர் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் பார்த்தவர்கள் அவர் கையசைக்கிறார் என்று நினைத்துத் திரும்பக் கையசைத்தார்கள்.

கேரம் பலகையைக் கண்ணால் பார்த்தே பல நாள் ஆனது போலிருந்தது. ஆள்காட்டி விரல் தானாகத் துடித்தது. தேநீர்க் கரண்டியையும் சர்க்கரை டப்பா மூடியையும் சுண்டிப் பார்த்தது. டயர் கடையில் கனகராஜ் வலது கையால் ஒரு முறையும் இடது கையால் ஒரு முறையும் தனியாக ஆடி, இரண்டு கைகளிலும் தோற்றுக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு வருடம்! ஜெய்னுலாபுதீன் கணக்குப் போட்டுப் பார்த்தார். லைசென்ஸ் வந்தால் காரோடு போவது கேரம் மட்டும்தான். கேரம் ஆட நடந்துகூடப் போகலாமே! லைசென்ஸ் வராவிட்டால் கேரமும் போய், மாமியாரும் முன்சீட்டில் வந்துவிடுகிறார்.

ஆகவே அடுத்த உறுதியான முடிவு பிறந்தது. ஷஹீராவுக்குக் கார் லைசென்ஸ் கிடைத்தே ஆக வேண்டும். தாம் கட்டிய பொய்யைத் தாமே இடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தையில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, மெதுவாக ஆரம்பித்தார்.

"புள்ள, அந்த அறிவிப்பு பொய்யா இருக்கும்னு எனக்குத் தோணுது."

"அதெப்படி? சிக் செமாக் பொய்னு சொல்லலையே."

"மெஷினுக்கு என்ன தெரியும்!"

"அது சொல்லாட்டி உண்மைதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது… வெள்ளிக்கிழமை சொன்னது. இப்ப செவ்வாய்."

"எவ்வளவு மரியாதையா 'சிரமத்திற்கு வருந்துகிறோம்'னு போட்டிருக்காங்க. மன்னிப்பு கேக்குறவங்க பொய் சொல்வாங்களா மச்சான்?"

இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஜெய்னுலாபுதீனுக்குப் பட்டது. எங்கே என்று யோசிப்பதற்குள் ஷஹீரா அவர் கழுத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மாட்டிவிட்டாள்.

"சரி, அந்த ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்."

"எதுக்கு அவங்கள வேற தொந்தரவு பண்ணிக்கிட்டு? நாளைக்கு மருந்து வாங்க மூவார் போறோமே, அதைப் பாருங்க."

மறுநாள் புதன்கிழமை. விடிந்தால் டெஸ்ட். ஜெய்னுலாபுதீன் கல்லாவில் உட்கார்ந்து, தாம் எழுதிய அறிவிப்பைத் துப்பறியும் நிபுணர் மாதிரி வரி வரியாக ஆராய்ந்தார். குறையே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒழுங்காகச் செய்த வேலை இப்படிக் கழுத்தை அறுக்கிறதே என்று மனம் வெதும்பினார்.

அப்போது தினமும் வரும் கிளார்க் ஒருவர், கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"பாய், எனக்கு ஒரு சந்தேகம். ஏன் இன்னும் வெள்ளிக்கிழமையே கடைய மூடுறீங்க? வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேலை நாள். பசியோட வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போறோம். ஜொகூர்ல வார லீவு சனி ஞாயிறுன்னு மாறி எவ்வளவு நாளாச்சு!"

ஜெய்னுலாபுதீன் கையிலிருந்த சில்லறை சிதறியது.

உண்மைதான். பதினோரு வருடம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை எல்லா அலுவலகமும் திறந்திருக்கும். 2025 ஜனவரியில் அது சனி ஞாயிறாக மாறியது. ஊரே மாறியது. ஜெய்னுலாபுதீனின் கடை மட்டும் மாறவில்லை. எழுதிய கையும் மாறவில்லை.

இடுப்பில் கட்டிய கடைத் துணியோடு வீட்டுக்கு ஓடினார்.

"புள்ள! புள்ள! மாட்டிக்கிட்டான்!"

"யாரு மச்சான்?"

"இதை எழுதுனவன்! இங்க பாரு. 'கவுண்டர் நேரம் ஞாயிறு முதல் வியாழன்.' ஞாயித்துக்கிழமை எந்த ஆபீஸ் திறந்திருக்கு இப்ப? இது பழைய லீவு! சுத்தப் பொய் இது! நாளைக்கு டெஸ்ட்டு இருக்கு, நீ போயே ஆகணும்!"

ஷஹீரா போனை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். "அட, ஆமா."

"முட்டாப்பய புள்ள!"

"அப்படிச் சொல்லாதீங்க, பாவம்."

"என்ன பாவம்? மடையன்! அரசாங்க ஆபீஸ்ல உள்ளவனுக்கு அரசாங்க லீவு தெரியாதா? இது எவனோ இன்னும் வெள்ளிக்கிழமையே கடைய மூடிக்கிட்டு உக்காந்திருக்கிற…"

நின்றார்.

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க மச்சான்" என்றாள் ஷஹீரா. "எவனோ?"

"எவனோ… ஒருத்தன்."

"சரி. காலையில ஏழு மணிக்கு என்னையக் கொண்டுபோய் விடுங்க."

வியாழக்கிழமை ஆறே முக்காலுக்கே ஜெய்னுலாபுதீன் காரைத் துடைத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். கடையைச் சாத்திவிட்டு, டெஸ்ட் நடக்கும் இடத்தில் கம்பி வேலிக்கு வெளியே, வெயிலில், துஆ கேட்டபடியே காத்திருந்தார். இந்த முறை நிஜமாகவே காத்திருந்தார். நிஜமாகவே கொசு கடித்தது. மேட்டில் நிறுத்திக் கார் பின்னால் உருளாமல் ஷஹீரா கிளப்பியபோது, தம்மை மறந்து கை தட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னாலேயே மூலைக் கடையில் கல்லாவில் இருக்கும் தேன்மொழியும் சிரித்துக்கொண்டே வந்து, "பாஸ் பாய்! ரெண்டு பேரும் பாஸ்!" என்று கத்திவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள்.

காரில் ஜெய்னுலாபுதீன் மெல்லக் கேட்டார். "தேன்மொழிக்கும் இன்னைக்கா டெஸ்ட்டு? அந்த அறிவிப்ப அவ பார்க்கலையா?"

"பார்த்தா. அழுதுக்கிட்டே எனக்குத்தான் போன் பண்ணுனா. மூணு மாசமா முதலாளிக்கிட்ட கெஞ்சி லீவு வாங்கியிருந்தா மச்சான். மறுநாள் காலையில ஆபீஸ் திறந்ததும் நான் போன் போட்டுக் கேட்டேன். அப்படி எதுவும் இல்லன்னாங்க. ஒம்பது நிமிஷத்துல பொம்பளைங்க குரூப்ல போட்டுட்டோம். டாமான் முழுக்கத் தெரியும்."

"அப்ப நீ… நம்பவே இல்லையா?"

"ஞாயித்துக்கிழமையப் பார்த்ததுமே யாருன்னு தெரிஞ்சிடுச்சு. மன்னிப்பு கேக்குறவன் பொய் சொல்ல மாட்டான்னு கனகண்ணன் வீட்டுலயும் ஒரு நாள் பெருமையாச் சொல்லியிருக்காரு. பிரேமலாக்கா வந்து சொன்னாங்க."

ஜெய்னுலாபுதீன் சாலையையே பார்த்து ஓட்டினார்.

"என்கிட்ட நேரா ஆயிரம் பொய் சொல்லுங்க, நான் பார்த்துக்குவேன்" என்றாள் ஷஹீரா. இப்போது அவள் சிரிக்கவில்லை. "டாமான் குரூப்ல போட்டீங்களே, அதுதான் தப்பு. தேன்மொழி எனக்குப் போன் பண்ணாம இருந்திருந்தா? மெஷின் கேட்டுக்கோன்னுதான் சொல்லும். கேக்குறதுக்கு ஒரு மனுஷன் வேணும்ல?"

ஜெய்னுலாபுதீன் காரை ஓரம் கட்டினார். போனை எடுத்தார். டாமான் குழுவில், ஆச்சரியக்குறி இல்லாமல் எழுதினார். "போன வாரம் வந்த டெஸ்ட் அறிவிப்பு பொய். எழுதியது நான்தான். தேன்மொழியிடமும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜெய்னுலாபுதீன்."

ஷஹீரா எட்டிப் பார்த்தாள். "இதோட உங்க உண்மை மூணு ஆச்சு."

கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு நெஞ்சு லேசானது. லேசானதும் பழைய நினைப்பு எட்டிப் பார்த்தது. "புள்ள… நான் சாயந்திரம் எங்க போறேன்னும்…"

"ரெண்டு வருஷமா உங்க சட்டைக் கையில வெள்ளைப் பவுடர். நான்தானே துவைக்கிறேன்? கொசு கடிச்சா பவுடரா கொட்டும்?"

"அப்ப அந்த முட்டை?"

"கேரம் ஆடிட்டு வந்தா பசிக்குமேன்னுதான்."

இவ்வளவு நல்ல மனசா! ஜெய்னுலாபுதீனுக்குக் கண் கலங்கியது. தெரிந்தேதான் விட்டிருக்கிறாள். இனிமேல் ஒளிவு மறைவு வேண்டாம். அவள் பிள்ளையைக் கூட்டிப் போவாள்; தாம் நிம்மதியாக நடந்தே டயர் கடைக்குப் போகலாம்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கடையைப் பணியாளிடம் விட்டுவிட்டு, பவுடர் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜெய்னுலாபுதீன் கைவீசித் தெருவில் இறங்கினார். போன் அதிர்ந்தது. ஷஹீராவிடமிருந்து. நெற்றியில் 'ஃபார்வர்டட்' முத்திரையோடு.

"அறிவிப்பு. டயர் கடைக்குப் பின்புறம் நடைபெற்றுவந்த கேரம் ஆட்டங்கள் அனைத்தும், வீட்டு மேம்பாட்டுப் பணி காரணமாக, அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. சிரமத்திற்கு வருந்துகிறோம். கவுண்டர் நேரம்: ஏழு நாளும்."

கீழேயே கனகராஜிடமிருந்து ஒரு செய்தி: "பாய், எனக்கும் வந்திருக்கு. பிரேமலா பலகையத் தூக்கிட்டுப் போயிட்டா. இது உண்மையா?"

ஜெய்னுலாபுதீன் அறிவிப்பைத் தமக்கிருந்த ஒரே நம்பிக்கையான சிக் செமாக்குக்கு அனுப்பினார். மூன்று புள்ளிகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின.

"வணக்கம். இத்தகவலை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்புடன், சிக் செமாக்."

சம்பந்தப்பட்ட அலுவலகம், முன்சீட்டில் மாமியாரை வைத்துக்கொண்டு, ஜெய்னுலாபுதீனின் பக்கத்தில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தது: "பின்னால ஏறுங்க மச்சான், இன்னொரு அலமாரி தூக்கணும்."